கனவு முதலில் விழுந்த காது

பள்ளிக்கூடத்துச் சாலையைப் பனிக்காலத்துக்கு முன் செப்பனிடுவோம் என்று பத்தாண்டுகளாகப் பழுதில்லாமல் பேசிவரும் எங்கள் ஊர்த் தலைவரும் இந்த அவையின் தலைவருமான அன்பிற்குரிய எசென்குல் அவர்களே. வெள்ளைக் கம்பளித் தொப்பி தரித்து, முன்வரிசை முழுவதையும் பனி மூடிய மலைத்தொடராக்கி வீற்றிருக்கும் பெரியோர்களே. குதிரைப்பால் கடைந்த கையோடு, அடுத்து என்னைக் கடையலாம் என்று வந்திருக்கும் தாய்மார்களே. தேர்வுக்குப் படிக்காமல் இருக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காத மாணவச் செல்வங்களே. உங்கள் அனைவரையும் உங்கள் ஆடுமாடுகள் வாயிலாக அறிந்த கால்நடை மருத்துவன் தொக்தோசுனின் தாய்மொழித் திருநாள் வணக்கம்.

நம் கிர்கிஸ் மொழியில் ஏதேனும் ஒரு சொல்லை எடுத்துப் பேசு என்றார் தலைவர். "சாலை" என்ற சொல்லை எடுக்கட்டுமா என்றேன். வேறு எடு என்றார்.

எடுத்தேன். ஜொரூ.

எத்தனை சின்னச் சொல், எத்தனை சிக்கலான சொல். கனவுக்குப் பொருள் சொல்வது என்று அகராதி சொல்லும். அகராதி எழுதியவர் நன்றாகத் தூங்கியவர் போலிருக்கிறது. கனவுக்கென்று பொருள் இருந்தால்தானே சொல்வதற்கு? கனவு என்பது தைக்காத கம்பளி. கண்டவன் கொண்டுவருகிறான்; முதலில் கேட்டவன் வெட்டுகிறான். தொப்பி என்று வெட்டினால் தொப்பி, காலுறை என்று வெட்டினால் காலுறை. முதல் காது எது, முதல் வாய் எது, அந்த வாய் என்ன சொன்னது, அதுதான் பலிக்கும். இரண்டாவதாகக் கேட்டவன் பேரறிஞனாகவே இருக்கட்டும், அவன் சொல் வெறும் காற்று.

அதனால்தானே காலையில் மனைவி "ஒரு கனவு கண்டேன்" என்று தொடங்கினால், என்ன கனவு என்று நாம் கேட்பதில்லை? வாயில் ரொட்டி இருந்தாலும் "நல்லதுக்கே" என்கிறோம். பிறகுதான் விழுங்குகிறோம். கணவன் வரத் தாமதமானால் மருமகள் முகம் மாறுகிறது. மாமியார், "ஏம்மா, தப்பா ஜொரூ பண்ணாதே" என்கிறார். அங்கே கனவு எங்கே இருக்கிறது? தூக்கத்தில் பிறந்த சொல், விழித்திருக்கும் வீட்டையும் காவல் காக்கிறது.

என்ன அக்கா? உங்கள் மாமியார் அப்படிச் சொன்னதே இல்லையா? அவர் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார், மெதுவாகப் பேசுங்கள்.

ஆக, கனவு கண்டவன் இனிய நாக்கைத் தேடிப் போகவேண்டும். நம் ஊரில் அந்த நாக்கு அனார்கான் அக்காவுடையது. பேய் துரத்தியது என்று சொன்னாலும், "உனக்கு ஓட நல்ல கால் இருக்குன்னு அர்த்தம்" என்பார். கசந்த நாக்கு எது என்றும் ஊருக்குத் தெரியும். காலையில் என்னைக் கண்டால் பலரும் சாலையின் அந்தப் பக்கம் போகிறார்கள். ஊசிக்குப் பயந்து என்று இருபது வருடம் நினைத்திருந்தேன். என் தொழில் அப்படி. "பிழைக்கும்" என்று நான் ஒரு ஆட்டைப் பார்த்துச் சொன்னால், அது ஏற்கெனவே எழுந்து புல் மேயப் போயிருக்கும்.

அப்படியிருக்க, நம் குதிரைப் பந்தய நடுவர் கல்முர்சா அண்ணன் ஏன் தன் கனவை என்னிடம் வந்து சொன்னார்? பாருங்கள், முன்வரிசையில் தலை குனிகிறார். குனியாதீர்கள் அண்ணே, அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன். அண்ணியிடம் வாங்கினேன்.

அண்ணனின் இரு கண்ணிலும் புரை. சென்ற இலையுதிர்காலப் பந்தயத்தில், "முதலில் வந்தது செம்பழுப்புக் குதிரை" என்று அறிவித்தார். வந்தது தபால்காரரின் மோட்டார் சைக்கிள். பரிசு ஆட்டைத் தபால்காரர் மறுப்பேதும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். சிரிக்கிறீர்கள். அன்று அவரும் சிரித்தார். அடுத்த வாரம் தன் பேத்தியை வாசலில் பார்த்து, "யார் வீட்டுப் பிள்ளைம்மா நீ?" என்று கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை.

எட்டு மாதம் காத்திருந்து, தலைநகரில் அறுவை சிகிச்சைக்கு நாள் கிடைத்தது. வியாழக்கிழமை. இன்னும் தள்ளினால் பார்வை திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அதற்கு முந்தைய திங்கட்கிழமை விடியலில் அண்ணன் ஒரு கனவு கண்டார்.

கண்டவர் நேரே அனார்கான் அக்காவின் தொழுவத்துக்குப் போனார். பசுவுக்குப் பின்னால் குனிந்த ஓர் உருவம். அக்காதான் என்று நினைத்தார். அக்கா வெந்நீர் எடுக்கப் போயிருந்தார். குனிந்திருந்தது நான். கன்று குறுக்காகக் கிடந்தது; என் வலக்கை தோள்வரை பசுவுக்குள் இருந்தது. அந்த நிலையில் மனித வாயிலிருந்து மங்கலச் சொல் வருமா? நீங்களே சொல்லுங்கள்.

"ஒரு கனவு கண்டேன். என் குதிரை நம்ம வாசல்ல வந்து நிக்குது. சேணம் கட்டியிருக்கு. மேல யாருமே இல்ல."

பசு உதைத்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "குதிரை வந்திருச்சு, ஆள் வரல. போன ஆளு போனதுதான்" என்றேன்.

அண்ணன் கழுத்தை நீட்டி என் பக்கம் உற்றுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அனார்கான், உனக்கு எப்பத்துலேருந்து மீசைக் குரலு?"

கண் தெரியாததால் என்னிடம் சொன்னார். என்னிடம் சொன்னதால் கண் வைத்தியமே வேண்டாம் என்றார். இப்படி ஒரு வட்டத்தை வேறெந்த ஊராவது வரைந்திருக்குமா? கையைக் கழுவிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணே, நான் பசுவைப் பார்த்துச் சொன்னேன்."

"பசு கனவு கண்டுச்சா?"

"சரி, மாத்திச் சொல்றேன். நல்லதுக்கே, நல்லதுக்கே."

"சொன்ன ஜொரூவ மாத்த அது என்ன உன் சட்டையாடா? அதையும்தான் நீ மாத்துறதில்ல."

மறுநாள் காலை சூராகான் அண்ணி என் வீட்டு வாசலில். கையில் பால் வாளி. வாளி காலி, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"என்னடா சொல்லித் தொலைச்சே என் புருஷன்கிட்ட? மூட்டைய அவுத்துட்டாரு. போனா பொணமாத்தான் வருவேங்கறாரு."

சொன்னேன். எதையும் மறைக்கவில்லை, பசுவை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினேன். அண்ணி வாளியைக் கீழே வைத்தார்.

"எத்தன மணிக்குச் சொன்னாரு?"

"ஆறரை இருக்கும்."

"வா என்கூட."

அண்ணன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அண்ணி இடுப்பில் கை வைத்து நின்றார்.

"நேத்து ஆறு மணிக்கு நான் பால் கறந்துட்டு இருந்தேன். நீ வாசல்ல உக்காந்து பூட்ஸ் மாட்டிக்கிட்டே என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலையே."

"குதிரை வந்து நின்னுச்சு, மேல யாரும் இல்லன்னு சொன்னியா இல்லியா?"

"அது உன்கிட்ட சொன்னதில்ல. சும்மா முணுமுணுத்தேன்."

"நான் என்ன சொன்னேன்?"

அண்ணன் யோசித்தார். "நல்லதுக்கேன்னே. நீ எதுக்குத்தான் அப்படிச் சொல்லல? காதுல விழுந்துச்சா உனக்கு? நான் சொன்னதக் கவனிச்சியா?"

"கவனிக்கல. என்ன கனவுன்னே இவன் சொல்லித்தான் தெரியும். முப்பத்திரெண்டு வருஷமா நீ காலையில முணுமுணுக்கிற எதையும் நான் கவனிச்சதில்ல. நீ வாயத் திறக்கும்போதே நல்லதுக்கேன்னு சொல்லிருவேன். அப்புறம்தான் பால் கறப்பேன்."

அண்ணன் என் பக்கம், அதாவது என் பக்கமாக இருந்த அலமாரியின் பக்கம், திரும்பினார். "ஏண்டா, படிச்சவனே. கவனிக்காமச் சொன்ன ஜொரூ செல்லுமா?"

என் வாழ்நாளில் நான் கொடுத்த ஒரே நல்ல தீர்ப்பு இது. "செல்லும்ணே. முதல் காது அண்ணியோடது. நான் ரெண்டாவது. நான் சொன்னது காத்து."

அவர் அவிழ்த்த மூட்டையைத் தடவித் தேடித் தன் பக்கம் இழுத்தார். பிறகு, "அந்த நீலச் சட்டைய எடுத்து வை" என்றார்.

சபையோரே, சிந்தியுங்கள். நன்கு கவனித்து, நறுக்கென்று நான் சொன்ன சொல் ஒரு மனிதரின் இரு கண்ணையும் மூடப் பார்த்தது. கவனிக்காமல், கை பசுவின் மடியில் இருக்க, வாய் தன்பாட்டில் சொன்ன சொல் திறந்து வைத்தது. எது அறிவு? எது அன்பு? என்ன கனவு என்று கேட்டுவிட்டு நல்லது சொல்பவன் கெட்டிக்காரன். கேட்கும் முன்பே, பன்னிரண்டாயிரம் காலைகளில், பதில் எதிர்பாராமல் நல்லது சொல்லி வைத்திருந்தாரே, அவரை என்னவென்று அழைப்பது? அந்தப் பன்னிரண்டாயிரத்தில் எந்தக் காலை தேவைப்படும் என்று அவருக்குத் தெரியுமா? தெரியாது. அதனால்தான் ஒன்றையும் விடவில்லை.

வியாழன் போய், அடுத்த வாரம் வாடகைக் காரில் அண்ணன் வந்து இறங்கினார். மன்னிப்புக் கேட்க நானும் நின்றிருந்தேன். கட்டு அவிழ்த்த கண்ணைச் சுருக்கி வாசலைப் பார்த்தார். அங்கே அவருடைய குதிரை நின்றது. சேணம் கட்டியிருந்தது. மேலே யாருமே இல்லை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணி நின்றார்.

"இதேதான்" என்றார் அண்ணன். "கனவுல கயிறு பிடிச்ச ஆளு மட்டும் தெரியல. கண்ணு சரியில்ல அப்போ."

"ஏறு. இறங்கிப் போன ஆளுக்காகத்தான் நிக்குது" என்றார் அண்ணி. "டாக்டர் ஒரு மாசம் ஏறக் கூடாதுன்னாரு" என்றார் அண்ணன். "அப்போ பாத்துட்டு உள்ள போ" என்றார் அண்ணி.

முடிக்கிறேன். நேற்று நானும் ஒரு கனவு கண்டேன். இதே மேடையில் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொருவராக எழுந்து போகிறீர்கள். கடைசியில் ஓர் ஆடு மட்டும் உட்கார்ந்து கேட்கிறது. பயத்தில் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இந்த மண்டபமே என் முதல் காது. சொல்லுங்கள்.

கேட்டது அண்ணே. எல்லோருக்கும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். "நல்லதுக்கே. பரிசு ஆடு உனக்குத்தான்" என்கிறார் நடுவர். கண் தெளிந்த பிறகு சொன்ன தீர்ப்பு, தபால்காரர் குறித்துக்கொள்ளவும்.

கேட்ட காதுகளுக்கும், கேளாமலே வாழ்த்திய வாய்களுக்கும் நன்றி. நாளைக் காலை உங்களில் யார் என்ன கனவோடு வந்தாலும், என் இரு கையும் வெளியேதான் இருக்கும். வணக்கம்.