மங்களம் வீட்டு ஐஸ் பெட்டி

— செருப்ப அங்கயே கழட்டி விட்டுட்டு உள்ள வா. கடையில அத்தனை பேரு முன்னால சொன்னியே, "மெஷின்ல ஒன்னும் இல்ல, மங்களம் ஆண்ட்டிக்குத்தான் ஐஸ் பெட்டி வச்சுக்கத் தெரியல"ன்னு. அதை இப்ப ஐஸ் பெட்டி முன்னால நின்னு சொல்லு, பாக்கறேன்.

— சொல்றேன் ஆண்ட்டி, எனக்கென்ன பயமா? கடை இருக்கற பத்து பெரண்டாம்லருந்து உங்க பெம்பானுக்கு இது மூணாவது தடவ வர்றேன். முன்ன ரெண்டு தடவையும் கழட்டிப் பார்த்தேன். காத்தாடி ஓகே, கேஸ் ஓகே, கதவு ரப்பர் ஓகே. நான் வர்றப்ப எல்லாம் நல்லாத்தான் லா ஓடுது.

— நீ வர்றப்ப ஓடும். நீ போன அடுத்த மாசம் படுத்துக்கும். மூணு நாளு, நாலு நாளு, நான் கேன்டீன் வேலை முடிஞ்சு சாயங்காலம் வந்து பார்த்தா மீன் இளகிக் கெடக்கும், பால் திரிஞ்சு கெடக்கும். அப்புறம் அதுவா சரியாயிடும். இதுக்குப் பேரு நல்லா ஓடறதா?

— சும்மா சும்மா திறந்து மூடுனா அப்படித்தான் ஆகும்.

— யாரு திறக்கறா? பகல்ல வீட்ல இருக்கறது என் மருமக ஒருத்திதான். அவ வாயும் வயிறுமா மேல ரூம்ல படுத்துக் கெடக்கா. நாலு மாசம். எட்டு வருஷம் கோயில் கோயிலா ஏறி எறங்கி நின்ன பிள்ளை, தெரியுமா உனக்கு? அவளுக்குன்னுதான் கடலோரம் செர்காமுக்கு ஆள் விட்டு செனாங்கின் மீன் வாங்கி வச்சேன். நேத்து அத்தனையும் குப்பையில கொட்டுனேன். கெட்டுப் போனதைத் தின்னு அவளுக்கு ஒன்னுன்னா உன் மொதலாளி வந்து பதில் சொல்வாரா, இல்ல நீ சொல்வியா?

— அதையெல்லாம் என் தலையில கட்டாதீங்க ஆண்ட்டி. எங்க மொதலாளி ஹனிபா பாய் என்ன சொன்னாருன்னு நீங்களும் கேட்டீங்கதானே? "நிவேன், இந்த வீட்லருந்து இன்னொரு புகார் வந்துச்சு, வேன் சாவிய மேசையில வச்சுட்டுப் போயிடு"ன்னாரு. கடைக்கு வந்து கத்தி என் பொழப்புல மண்ணப் போட்டீங்க. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?

— உண்மை வேணும். கேன்டீன்ல அடுப்பை அப்படியே விட்டுட்டு, உன்னைக் கையோட இழுத்துட்டு இந்த மத்தியான வேளையில எதுக்கு வந்தேன்? கோளாறு நடக்கறப்பவே பிடிக்கத்தான். திற அதை.

— திறக்கறேன்.

— பார்த்தியா? உள்ள லைட்டு எரியுதா?

— எரியல.

— சத்தம் கேக்குதா?

— இல்ல. கொஞ்சம் இருங்க.

— என்னா இருங்க? போன மாசம் "எல்லாம் நல்லா இருக்கு, கையெழுத்துப் போடுங்க"ன்னு நீட்டுனியே, இதுதான் நீ பார்த்த லட்சணமா?

— இருங்கன்னு சொல்றேன்ல. மெஷின் ரோசாக் ஆகல, கெட்டுப் போகல, மெஷினுக்குக் கரண்டே வரல. இந்த ஒயர் எங்க போகுது? அலமாரிக்குப் பின்னால...

— ஏய், கைய எடு. அது சாமி மேடை. மீன் தண்ணி ஒழுகற பெட்டியத் தொட்ட கையோட அங்க போகாத.

— ஃபிரிட்ஜ் ஒயர் சாமி மேடைக்குப் பின்னால போனா நான் வேற எங்க போய்ப் பாக்கறது? யாரு இப்படி மாட்டுனது?

— என் மவன் பிரவின்தான். புதுசா வாங்குனப்ப ஒயர் எட்டல. சாமி விளக்கு மாட்டியிருக்கற எக்ஸ்டென்ஷன்லயே இதையும் சேர்த்து மாட்டி விட்டான். அதுல என்னா இப்ப?

— இதை ஏன் ரெண்டு தடவையும் சொல்லல?

— நீ கேட்டியா? டெக்னீஷியன் நீயா நானா?

— சரி, இங்க வந்து பாருங்க. சுவத்து சுவிட்ச் அணைஞ்சிருக்கு. சாமி விளக்கும் எரியல, நீங்க வந்த கோவத்துல அந்தப் பக்கமே திரும்பல. ஒரே சுவிட்ச்தான், அதனால ரெண்டும் செத்துக் கெடக்கு. இப்பப் போடறேன். கேக்குதா? ஃபிரிட்ஜ் ஓடுது, விளக்கும் எரியுது. யாரோ அணைக்கறாங்க ஆண்ட்டி. என் மேல தப்பு இல்ல, மெஷின் மேலயும் இல்ல.

— என் வீட்ல சாமி விளக்க யாரும் அணைக்க மாட்டாங்க.

— அணைஞ்சிருந்ததைக் கண்ணால பார்த்தீங்களே.

— காலையில நான் போறப்ப எரிஞ்சுச்சு. சாயங்காலம் வர்றப்பவும் எரியும். எங்க வீட்ல விளக்கு அணைஞ்சா அது தீட்டுக்கு மட்டும்தான். ஒரு சாவு விழணும், இல்ல வீட்ல பொம்பள தூரமாகணும். வேற எதுக்கும் அந்தச் சுவிட்ச்ல விரல் படாது. என் மாமியா எனக்குச் சொன்னாங்க, நான் என் மருமகளுக்குச் சொல்லி வச்சிருக்கேன்.

— அப்ப முடிஞ்சுது கதை. மாசத்துல மூணு நாள், நாலு நாள்னு நீங்கதானே சொன்னீங்க? பகல்ல அணைச்சு வைக்கறாங்க, நீங்க வர்றதுக்குள்ள போட்டுடறாங்க. உங்க வழக்கத்த உங்க வீட்லயே ஒருத்தங்க ஒழுங்காக் காக்கறாங்க. அதுக்கு நான் வேலைய விடணுமா? இப்பவே பாஸுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க, வீட்ல தூரமானவங்க விளக்க அணைக்கறாங்க, அதோட சேர்ந்து ஃபிரிட்ஜும் அணையுதுன்னு. நீங்க சொல்லலன்னா நான் சொல்வேன்.

— வாயக் கழுவுடா. இந்த வீட்ல தூரமாக யாரு இருக்கா? எனக்கு நின்னு பத்து வருஷம் ஆச்சு. இருக்கறது இன்னும் ஒருத்தி. அவ நாலு மாசம்னு இப்பதானே சொன்னேன்.

— சரி ஆண்ட்டி, டூல்ஸ எடுத்து வைக்கறேன், நேரமாச்சு.

— என்னா, பேச்ச மாத்தற? இவ்வளவு நேரம் அந்தப் பேச்சு பேசுன.

— இல்ல ஆண்ட்டி. நான்தான் தப்பா சொல்லிட்டேன். பழைய சுவிட்ச், லூசா இருக்கும். சில சமயம் அதுவா...

— இரு.

— வேற சுவிட்ச் மாத்தித் தர்றேன். ஒரு பிரச்சினையும் வராது.

— இருன்னு சொன்னேன். அதுவா அணைஞ்சு, நான் வர்ற நேரம் பார்த்து அதுவா எரியற சுவிட்ச் எங்கயும் இல்ல. ஷாந்தினி! கீழ வா.

— அத்தை? இந்த நேரத்துல வந்துட்டீங்க? கேன்டீன்ல லீவா?

— சாமி விளக்க யாரு அணைச்சது?

— எரிஞ்சுகிட்டுத்தானே அத்தை இருக்கு?

— இந்தத் தம்பி இப்பதான் போட்டான். நாங்க வந்தப்ப அணைஞ்சு கெடந்துச்சு.

— பல்பு லூசா இருக்கும் அத்தை.

— ஆமா ஆண்ட்டி, அக்கா சொல்றது சரிதான். பல்பைப் பார்த்தாலே...

— உன்னைக் கேக்கல. ஷாந்தினி, என் முகத்தப் பாரு. தூரமா இருக்கியா?

— அத்தை, வெளி ஆளு நிக்கறாங்க.

— நிக்கட்டும். சொல்லு.

— ஆமா அத்தை.

— ஆமாவா? இவ்வளவு லேசா வாயில வருதா? கிளினிக்குக்குத் தனியாப் போய்க்கறேன், உங்கள அலைய வைக்க மாட்டேன்னு சொன்னப்ப, எப்பேர்ப்பட்ட மருமகன்னு ஊரெல்லாம் பெருமையடிச்சேனே. அத்தனையும் நாடகமா? கோயில்ல என்னைப் பொங்கல் வைக்க விட்டு, நம்ம தாமான்ல அத்தனை தெருவுலயும் வீடு வீடா ஏறிக் குடுக்க விட்டு, உள்ளுக்குள்ள சிரிச்சியா?

— நாடகம் இல்ல அத்தை. இருந்துச்சு. நீங்க பொங்கல் வச்ச அன்னிக்கு ராத்திரிதான் போயிடுச்சு. மறுநாள் நான் ஒருத்தியாவே கிளினிக்குக்குப் போனேன். சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க பசார்லருந்து வந்து, இன்னிக்கு யார் யாருகிட்ட சொன்னீங்கன்னு ஒவ்வொரு பேரா சொல்லிச் சிரிச்சீங்க. நீங்க அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. எனக்கு வாய் வரல. அடுத்த மாசமே திரும்ப நின்னுடும்னு நெனச்சேன். நிக்கல.

— பிரவினுக்குத் தெரியுமா?

— தெரியாது. அவருகிட்டயும் சொல்லல.

— கட்டுன புருஷன்கிட்ட மறைச்ச, என்கிட்ட மறைச்ச. அப்புறம் இந்த விளக்க மட்டும் எதுக்கு அணைச்ச? எரிய விட்டிருந்தா எவனுக்குத் தெரியப் போகுது?

— உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன் அத்தை. சாமிகிட்டயும் சொல்லப் பயமா இருந்துச்சு. ஐஸ் பெட்டியும் அதே சுவிட்ச்லதான் ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்தத் தம்பிய இப்படி நிக்க வச்சிருக்க மாட்டேன்.

— நான் கெளம்பறேன் ஆண்ட்டி. மெஷின் கோளாறுதான், என்னால முடியலன்னு பாஸ்கிட்ட சொல்லிக்கறேன். வேலை போனா போவட்டும்.

— நீ ஒன்னும் எனக்காகத் தியாகம் பண்ண வேணாம். மங்களத்துக்கு ஐஸ் பெட்டி வச்சுக்கத் தெரியல, சுவிட்ச அவளே அணைச்சுப் போட்டுட்டு உங்கள வந்து திட்டுனான்னு சொல்லு. கடையே கூடிச் சிரிக்கட்டும். நானும் ஹனிபா பாய்க்குப் போன் போட்டு அதையேதான் சொல்லப் போறேன். போறதுக்கு முன்ன இந்த ஒயரப் பிடுங்கி வேற பிளக்ல மாட்டு.

— மாட்டிட்டேன். இனிமே விளக்கு அணைஞ்சாலும் ஃபிரிட்ஜ் ஓடும்.

— சரி, கெளம்பு. கேட்டைச் சாத்திட்டுப் போ. இங்க கேட்டது இங்கயே இருக்கட்டும்.

— எனக்கு ஒன்னும் கேக்கல ஆண்ட்டி. வர்றேன்.

— அத்தை, இப்படி நிக்காதீங்க. நாலு வார்த்தை திட்டிடுங்க. பிரவின்கிட்ட இன்னிக்கே நான் சொல்லிடறேன். விளக்கையும் நானே போய் அணைச்சிடறேன்.

— நீ போய்ப் படும்மா. விளக்க நான் அணைக்கறேன். போன அந்தப் பிள்ளைக்கு இந்த வீட்ல இன்னும் யாரும் அணைக்கல.