லாஞ்சு ஓடாதென்ற லண்டன் மகன்

பிள்ளைகளே, சண்டைக் காலத்தில் ஒரு மத்தியானம், திருகோணமலை இறங்குதுறையில் மூதூர் லாஞ்சுக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"லாஞ்சு இண்டைக்கு ஓடாதாம், அக்கா. லண்டன்ல படிக்கிற மகன் சொன்னவன். இப்பதான் இன்ரநெற் கடையில அவனோட கதைச்சுப்போட்டு வாறன்," என்றார் இளையவர்.

"முன்னுக்கு நிக்குதே! ஆக்களும் ஏறுகினம். அங்க இருக்கிறவனுக்கு என்னண்டு தெரியும்?"

"கடலில சண்டையாம். கொம்பியூட்டர்ல போட்டிருக்காம்."

மூத்தவர் கடலைப் பார்த்தார். அது சும்மா கிடந்தது.

"லண்டன்ல மழையோ எண்டு கேட்டன். யன்னலைத் திறந்து பாக்கேல்லையாம்," என்றார் இளையவர்.

"படிக்கிறானோ?"

"இண்டைக்குச் சோதினை, அக்கா. நான் மூதூரில இறங்கிப் போன் எடுக்குமட்டும் கொம்பியூட்டரை விட்டு எழும்ப மாட்டானாம்."

"அப்ப போகாதையுங்கோவன்."

"சின்னவளை மூதூரில பக்கத்து வீட்டில விட்டிட்டு வந்தனான். போகாமல் ஏலாது."

வரிசை நகர்ந்தது. இளையவர் விலகினார்.

"எங்க போறியள்?"

"நெற் கடைக்கு. நான் போகேல்லை எண்டு சொன்னாத்தான் அவன் சோதினைக்குப் போவான். சொல்லிப்போட்டு ஓடி வாறன், இடத்தைப் பிடிச்சு வையுங்கோ!"

"அப்ப கடலில சண்டை இருக்கோ, இல்லையோ?" என்று மூத்தவர் வரிசையைப் பார்த்துக் கேட்டார்.

ஒருவருக்கும் தெரியவில்லை.