வாயால் சொன்ன சமாதானம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஐயா. உங்கள் காவல் நிலையத்துத் தேநீர் நன்றாகவே இருக்கிறது. வெளியில் வேறுமாதிரி பேசிக்கொள்கிறார்கள். எதையாவது குறை சொல்லாவிட்டால் ஜனங்களுக்குத் தூக்கம் வராது. என்னைப் பற்றியும் இப்போது அப்படித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். பரவாயில்லை. ஆற அமரக் கேட்டீர்களென்றால் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

நான் லிஃப்டு மெக்கானிக். ஏழு மாடிக் கட்டடம், ஒரே லிஃப்டு, அதற்கு ஒரே ஆள். கட்டடத்தில் என் பெயரே லிஃப்டுதான். "லிஃப்டைக் கூப்பிடு, லிஃப்டு நின்னுபோச்சு" என்பார்கள். யாருக்கும் ஒரு குழப்பமும் வராது. தரைக்குக் கீழே, மின்பலகைகளுக்கு நடுவில் எனக்கு ஓர் அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மேல்மாடி அலுவலகம் ஒன்று வேண்டாமென்று தள்ளிவிட்ட பழைய கம்ப்யூட்டர். அதில் இருப்பது ஒரே ஓர் ஆட்டம்.

அந்த ஆட்டத்தைப் பார்த்து உங்கள் இளைய அதிகாரி சிரித்தார். "இதையா சார் இந்தக் காலத்துல ஆடுறாங்க, கட்டம் கட்டமா நகருது" என்றார். அவர் கைபேசியில் என்ன ஆடுகிறார் என்று நானும் எட்டிப் பார்த்தேன். மிட்டாய்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். நல்லது, அவரவர் தகுதிக்கு ஏற்றபடி.

எங்கள் ஆட்டத்தில் முதலில் ஒன்றுமே இருக்காது. கறுப்புத் திரை, நடுவில் ஒரு குடியிருப்பு, காவலுக்கு ஓர் ஈட்டிக்காரன். அங்கிருந்து ஊர் கட்டி, சாலை போட்டு, கப்பல் விட்டு, சண்டை பிடித்து ஒரு சாம்ராஜ்யத்தை எழுப்ப வேண்டும். நான் ஒரு முறை, எதிராளி ஒரு முறை. என் முறை முடிந்தது என்று நானாகப் பொத்தானை அழுத்தும்வரை அந்த உலகத்தில் ஓர் இலைகூட அசையாது. எதிரிப் படை, வெள்ளம், பஞ்சம் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருக்கும். அந்த மரியாதையை எனக்கு வேறு யார் கொடுத்தார்கள்? லிஃப்டு இரண்டு நிமிடம் நின்றால் ஏழு மாடியும் என்மேல் பாய்கிறது. புதிது புதிதாக எத்தனையோ ஆட்டம் வந்துவிட்டது. ஒன்றுக்கும் பொறுமை கிடையாது.

குறையில்லாத ஆட்டம் என்று சொல்லவில்லை. சில சமயம் அந்த ஈட்டிக்காரன் ஒரு பீரங்கி வண்டியையே உடைத்துப் போட்டுவிடுவான். ஏன் என்று கேட்கக் கூடாது. சொந்தக்காரர் குடித்துவிட்டு வந்தால் உடம்பு சரியில்லை என்று சொல்வோமே, அப்படி அதையும் மூடிப் பேசிப் பழகிவிட்டோம்.

எதிராளி, ஐந்தாம் மாடியில் கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தின் வரைவாளர். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். இருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல். மதியம் ஒன்றிலிருந்து இரண்டுவரை, சாப்பாட்டு நேரத்தில், பத்தொன்பது வருடமாக ஒரே ஆட்டம். இருப்பதிலேயே பெரிய வரைபடம் அது. போகப்போக ஒரு நாளைக்கு ஒரு முறைதான் ஆட முடிந்தது. அவ்வளவு யோசிப்பார் மனிதர். என் மனைவி, "எனக்குப் பதினேழு வருஷம், அதுக்குப் பத்தொம்பது. மூத்தவ அவதான், இளையவ நான் என்னத்தைப் பேச" என்பாள். அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரு சட்டம் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், "இனிமே சண்டை வேணாம்டா, சமாதானமா இருப்போம்" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். நம்பினேன். மறுநாள் என் துறைமுகங்கள் இரண்டு போயின. கேட்டதற்கு, "வாயால சொன்னா செல்லுமாடா? திரையில வந்துச்சா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றுமுதல் விசைப்பலகையில் தட்டாத சமாதானம் செல்லாது. சட்டம் போட்டவர் அவர். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வெள்ளிக்கிழமையோடு அவருக்கு ஓய்வு. ஒரு மாதமாகவே, "போறதுக்குள்ள முடிச்சிரலாம்டா. பாதியில விட்டுட்டுப் போனா மனசு கேக்காது" என்று ஆரம்பித்துவிட்டார். போன வாரம் அவர் படை என் தலைநகரை மூன்று பக்கமும் வளைத்துவிட்டது. மேசை டிராயரைக் காலி செய்கிற மாதிரி பத்தொன்பது வருடத்தையும் காலி செய்துவிட்டு, கை குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாராம். அதற்குப் பிறகு அந்த இரண்டு நாற்காலிகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவர் ஒரு நிமிடம் யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, ஐயா. மறைப்பானேன்.

புதன்கிழமை காலை நான் மொட்டைமாடியில் லிஃப்டுச் சக்கரத்துக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தபோது, அவர் கீழே வந்து தன் முறையை ஆடிவிட்டுப் போயிருக்கிறார். நான் இறங்கி வந்தபோது திரை என் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்றது. நான் போடவில்லை. திறந்தால் தலைநகர் போயிருக்கும். திறக்காதவரை போகவில்லை. இந்த ஆட்டத்தின் நயமே அதுதான். மிட்டாய் அடுக்குபவர்களுக்கு விளங்காது.

மதியம் ஒரு மணிக்கு அவர் ஐந்தாம் மாடியில் லிஃப்டு ஏறினார். நாலாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்டு நின்றது.

நின்றது என்றேன். சரி, திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். லிஃப்டின் மெயின் ஸ்விட்ச் என் நாற்காலியிலிருந்து கைக்கு எட்டும் தூரம். எழுந்திருக்கக்கூட வேண்டியதில்லை. சாப்பாட்டு நேரம் முடியும்வரை என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் தள்ளிப்போடுவது, அவ்வளவுதான். நீதிமன்றத்தில் எட்டு வருடம் தள்ளிப்போடுகிறார்கள். அவர்கள்மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை.

லிஃப்டுக்குள் இருக்கும் பேசும் கருவி பேட்டரியில் ஓடுவது. முதலில் கிண்டலடித்தார்: "என்னடா, உன் குதிரை படுத்துருச்சா?" பார்க்கிறேன் அண்ணே என்றேன். பத்து நிமிடத்தில், விசிறி நின்றுவிட்டது, வியர்க்கிறது என்றார். அப்புறம், "நெஞ்சை அடைக்குதுடா. மாத்திரை மேல டிராயர்ல இருக்கு, சீக்கிரம்" என்றார். அவருடைய இருதயம் எனக்குப் புதிதல்ல. இரண்டு வருடத்துக்கு முன் அவர் மயங்கி விழுந்தபோது, லிஃப்டு நிஜமாகவே பழுதாகிக் கிடந்த நாளில், ஐந்து மாடியும் முதுகில் சுமந்து இறக்கியவன் நான்தான். நான் கெட்டவனில்லை என்பதற்காக இதையும் சொல்லிவைக்கிறேன்.

நிதானமாகத்தான் கேட்டேன். "அண்ணே, என் தலைநகரை விட்டுருங்க. சமாதானம் போடுங்க."

பிறகு, "நீயாடா நிறுத்தினே?" என்றார். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லாததால் சும்மா இருந்தேன்.

"போட்டுட்டேன்டா. காலையிலயே போட்டுட்டேன். படையெல்லாம் பின்னாடி எடுத்துட்டேன். திறந்து பாரு."

நீங்களே நியாயம் சொல்லுங்கள், ஐயா. அடைபட்ட மனிதன் என்னதான் சொல்லமாட்டான்? அதுவும் வாயால் சொன்னது. கம்ப்யூட்டர் என் முன்னால்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். நாலெழுத்துக் கடவுச்சொல், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் திறந்து, அது பொய்யாக இருந்தால்? திறந்ததைத் திரும்ப மூட முடியாது. தலைநகர் போனது போனதுதான். ஒரு வாய்வார்த்தையை நம்பி அவ்வளவு பெரிய ஆபத்தில் யார் தலையைக் கொடுப்பார்?

ஐந்தாம் மாடியிலிருந்து தட்டச்சுக்காரம்மா மூச்சிரைக்க இறங்கி வந்தார். கையில் அண்ணனுடைய மாத்திரைப் பட்டை. "கியர் மாட்டிக்கிச்சும்மா, கம்பெனிக்குச் சொல்லியாச்சு, வந்துட்டே இருக்காங்க" என்றேன். மாத்திரையை வாங்கி மேசைமேல் வைத்தேன். அவருக்குப் பின்னால் வந்த ஒருவர், சாப்பிட்டுவிட்டு மாடிக்கு நடந்துதான் ஏற வேண்டுமா என்று கேட்டார். அதுதான் அவருக்குக் கவலை.

அதன் பிறகு அண்ணன் என்னை லிஃப்டு என்று கூப்பிடவில்லை. என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கட்டடத்தில் அதைத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மூன்று தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவை பெயர் முழுதாக வரவில்லை. அப்போது ஒன்று நாற்பது இருக்கும். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு மணிக்குச் சாப்பாட்டு நேரம் முடிந்தது, ஸ்விட்சைப் போட்டேன். லிஃப்டு ஒரு குலுங்கல் இல்லாமல் இறங்கி வந்தது. பராமரிப்பில் என்மேல் ஒரு குறை சொல்ல முடியாது.

நேற்று உங்கள் கம்ப்யூட்டர் நிபுணர் என் கடவுச்சொல் இல்லாமலேயே ஆட்டத்தைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். தலைநகரின் மூன்று பக்கமும் வெறிச்சென்று கிடந்தது. அவர் படை முழுவதும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. நடுவில் சமாதான ஓலை, முறைப்படி தட்டியது. அதன் அடியில் ஒரு வரி: "வேலை முடிஞ்சாலும் புதன்கிழமை தோறும் வருவேன். இது முடிய வேணாம்டா."

அதைப் படித்ததும் உங்கள் இளைய அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது என்ன சொல்கிறாய் என்று நீங்கள் கேட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரவெல்லாம் யோசித்தேன்.

அந்தக் குதிரைப்படை நிற்கும் இடத்தைக் கவனித்தீர்களா, ஐயா? ஆற்றுப் பாலத்துக்கு நேராக. ஓலையை நம்பி என் ஆட்கள் கோட்டையை விட்டு வெளியே வந்தார்களென்றால், ஒரே முறையில் பாலத்தைத் தாண்டி உள்ளே வந்துவிடும். புதன்கிழமை வருவேன் என்று உருக்கமாக எழுதியது அதற்குத்தான். பத்தொன்பது வருடம் எதிரில் உட்கார்ந்தவனுக்கு அவரைத் தெரியாதா? நல்லவேளை, நான் ஏமாறவில்லை.