டிபன் கேரியரில் ஒரு கரித்துண்டு

காலாண்டு விடுமுறை. கடமலைக்குண்டிலிருந்து தேனி வரும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் அப்பா, அம்மா, பத்து வயது மகள்.

"உன்னாலதாம்மா பேய் வரல" என்றாள் மகள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"நான் என்னடி செஞ்சேன்?"

"பேய் பங்களா பாக்கப் போறோம், நீ கோழி வறுவலுக்குள்ள அடுப்புக்கரியப் போட்டுக் கொண்டாந்த. கரி இருந்தா பேய் அண்டாதுன்னு நீதான சொல்லுவ?"

"கோழி எடுத்துட்டுக் கெளம்பினா கரி போடாம எப்படிடி? கை தானாப் போட்டுருச்சு."

"பேயப் பாத்துட்டு வர்றேன்னு கிளாஸ் பூராம் சொல்லிட்டேன். திங்கக்கெழம எல்லாரும் சிரிப்பாக."

அப்பா பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரித்தார். "அரண்டவன் கண்ணுக்குத்தான் இருண்டதெல்லாம் பேயி! அங்கன இருந்தது ரெண்டு வவ்வாலு. விடு தாயி, நாளைக்கு இன்னொரு பங்களாவுக்குப் போவோம். கேரியர்ல கரியே கெடையாது, சரியா?"

மகள் சமாதானமாகி, அவர் தோளிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள்.

அவள் நன்றாகத் தூங்கியதைப் பார்த்துவிட்டு அவர் மனைவி பக்கம் மெல்லக் குனிந்தார்.

"இந்தா, நாளைக்கு அந்தக் கரித்துண்ட என் சட்டைப் பையில போட்டு விட்டுரு. பிள்ளைக்குத் தெரிய வேணாம்."