இடது காலில் பிரேக்

பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் மரியாதை இருக்காது சார். என் மனைவி மஞ்சுளா கல்யாணமான நாளிலிருந்து ஒரே வசனம்தான் பேசுகிறாள். "கறி வாங்கியாந்து குட்த்துட்டு எங்கனா போய் மண்ணத் துன்னு." நானும் கறி வாங்கிக் கொடுத்துவிட்டு மண்ணூர் ஏரிக்குப் போய்விடுவேன். சுற்றிலும் கம்பெனிச் சுவர்கள் வந்துவிட்டாலும், ஏரி காய்ந்தால் நடுவில் எங்களுக்கு என்று கொஞ்சம் மண் மிச்சம் இருக்கும்.

என்னிடம் ஒரு யெஸ்டியும் ஒரு புல்லட்டும் இருக்கின்றன. இரண்டும் என் வயசுக்குப் பக்கத்தில் இருக்கும். மட்கார்டைத் தூக்கிக் கட்டி, சைலன்சரை மேலே வளைத்து, முரட்டு டயர் போட்டு, மண்ணில் ஓடுகிற மாதிரி நானே மாற்றினேன். புல்லட்டை வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கி, நேராக ஏரிக்குத்தான் ஓட்டிப் போனேன். மதகு மேட்டில் ஏறிப் பறந்து விழுந்து கை முறிந்தது. மாவுக்கட்டோடு சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாட்கள் குறைவு. சூடான இன்ஜின் மேல் ஏரி மண் தீய்கிற வாசனை எனக்கு இப்போதும் பிடிக்கும்.

இந்த இடத்தில் ஒரு விவரம் சொல்ல வேண்டும். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். யெஸ்டியில் அப்படியே தலைகீழ். இன்று ரோட்டில் ஓடுகிற வண்டிகளும் யெஸ்டி மாதிரிதான். ஒருமுறை கம்பெனிக்காரர் ஒருவரின் புது வண்டியை வாங்கிக்கொண்டு ஒரகடம் ரோட்டில் போனேன். கியர், பிரேக் எல்லாம் சரியாகத்தான் போட்டுக்கொண்டு வந்தேன். திடீரென்று ஒரு நாய் குறுக்கே வந்தது. என் இடது கால் கியரை மிதித்தது. நாய் செத்துப்போனது. யோசிக்கும்வரை கால் நம் பேச்சைக் கேட்கும், பயந்தால் பழைய பழக்கத்துக்கு ஓடிவிடும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

வனமாமலை நாங்குநேரிப் பக்கத்து ஆள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். மனைவி செல்வலட்சுமி, பெண் குழந்தை தங்கமாரி. மூன்று பேரும் நான் கட்டி வாடகைக்கு விட்ட அறைகளில் ஒன்றில் இருந்தார்கள். தங்கமான குடித்தனம். வாடகை கேட்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

நான் வேலை பார்த்த கம்பெனியில் சரக்குத் தள்ளுவண்டி மோதி எனக்கு முழங்கால் போனது. வண்டி சும்மா நின்றால் துருப்பிடிக்கும் என்று வனமாமலையிடம் புல்லட் சாவியைக் கொடுத்தது நான்தான். அதற்கு முன் அவன் சைக்கிள் தவிர எதையும் ஓட்டியதில்லை. ஏரியில் விழுந்து விழுந்து அவனே பழகிக்கொண்டான். நான் கரையில் உட்கார்ந்து டீ குடித்தபடி பார்ப்பேன். நன்றாக ஓட்டினான். என்னைவிட நன்றாக ஓட்டினான் என்று சொல்வதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவன் கால்களுக்குத் தெரிந்த ஒரே வண்டி அந்தப் புல்லட்தான்.

பிறகு சீட்டை உயர்த்தினான். கைப்பிடியைத் தன் தோளுக்கு ஏற்ற மாதிரி வளைத்தான். டேங்கில் தங்கமாரி பெயரை எழுதினான். என்னைக் கேட்டுத்தான் எழுதினான், நானும் சரி என்றேன். ஏரிக்கு வருகிற பையன்கள் அதை வனமாமலை வண்டி என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எங்கள் ஊர் லோகேஷ்கூட, "ணா, உன் வண்டி இப்போ அவன் பேச்சத்தான் கேக்குது" என்றான். நான் சிரித்தேன்.

கால் சரியானதும் ஒரு ஞாயிறு ஏரிக்குப் போய் புல்லட்டின் மேல் கை வைத்தேன். வனமாமலை ஓடிவந்தான்.

"அண்ணாச்சி, நீங்க யெஸ்டிய எடுங்களேன். இது ஒரு மாதிரி முரண்டு பிடிக்கும், எனக்குத்தான் பழக்கம். ஒங்க காலுக்கு ஏதும் ஆயிரக் கூடாதுல்லா."

அக்கறையாகத்தான் சொன்னான். மனதில் கள்ளம் இல்லாதவன். பத்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் யெஸ்டியை எடுத்துக்கொண்டேன். அன்று வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். கோபம் இருந்தால் தூக்கம் வராது, இல்லையா.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசி மழைக்கு முந்தின ஞாயிறு, ஏரியில் தண்ணீர் ஏறுவதற்கு முன்னால், அந்த வருடத்தின் கடைசி ஓட்டம். அன்று யாரும் தன் வண்டியை ஓட்டக்கூடாது. எல்லாச் சாவிகளையும் ஒரு ஹெல்மெட்டில் போட்டுக் கண்ணை மூடி எடுக்க வேண்டும். உள்ளூர்க்காரன் என்பதால் ஹெல்மெட்டைப் பிடிப்பது நான். ஆபத்தான பள்ளங்களுக்கு முன்னால் சுண்ணாம்புக் கோடு போடுவதும் நான்தான்.

அந்த வருடம் சவுடு மண் அள்ளிய லாரிக்காரர்கள், கரை இறக்கத்தின் முடிவில் இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம் விட்டுப் போயிருந்தார்கள். அடியில் பாறை. நான் கோடு போட்டேன், வழக்கத்தைவிடத் தடிமனாகவே போட்டேன். எதையும் மறைக்கவில்லை. இறக்கத்து மண்ணில் முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி வாரிவிடும். அதனால் அங்கே எல்லோரும் காலைத்தான் நம்புவார்கள்.

வனமாமலை நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தான். அதனால் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தான். அதுவரை யெஸ்டியின் சாவி என் உள்ளங்கையில் இருந்தது. அவன் கண்ணை மூடியபோது ஹெல்மெட்டில் போட்டேன். அதற்கு முன் புல்லட்டின் சாவியையும் இதே மாதிரி லோகேஷ் கைக்குப் போக வைத்திருந்தேன். அவன் பொறுமையாக ஓட்டுவான். புல்லட்டுக்கு ஒரு கீறல்கூட விழக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

"இது எனக்குக் காலு மாறில்லா இருக்கும் அண்ணாச்சி" என்றான்.

"இன்னா வனமாமலை, ஒரு ரவுண்டுதான. பாத்து போ" என்றேன்.

பார்த்துத்தான் போனான். முதலில் தடுமாறினான், பிறகு ஒவ்வொரு கியரையும் நிதானித்துப் போட்டான். கரையில் ஏறி இறக்கத்தில் திரும்பினான். நான் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவன் கோட்டைப் பார்த்துவிட்டான். வேகம் குறைந்தது. வலது கால் சரியாகப் பிரேக்கில் இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவன் நின்றிருப்பான் சார். கோட்டுக்கு நாலடி முன்னாலேயே நின்றிருப்பான்.

அப்போதுதான் நான் கத்தினேன். "பிரேக்கு! வனமாமலை, பிரேக்கு!" என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன்.

அவன் என்னைப் பார்த்தான். வலது கால் பிரேக்கை விட்டு எழுந்தது. இடது கால் இறங்கியது. யெஸ்டியில் கியரை மிதித்தால் க்ளட்ச் தானாக விடுபடும், வண்டி இன்னும் லேசாக உருளும். அவன் முழு பலத்தோடு மிதித்தபடியே கோட்டைத் தாண்டிப் போனான். கடைசிவரை அந்தக் காலை எடுக்கவில்லை.

நான் அவனைக் காப்பாற்றப் பார்த்தேன் என்று லோகேஷ் உங்களிடம் சொல்லியிருக்கிறான். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. வண்டியையும் சோதித்தீர்கள், எந்தக் குறையும் இல்லை என்று எழுதினீர்கள். அதுவும் சரிதான். விபத்து என்று முடிந்துபோனதை நான் ஏன் கிளறுகிறேன் என்று கேட்கிறீர்கள்.

அவன் குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊரில் பேசுகிறார்கள் சார். ஏரியில் கிடக்கிற பாட்டில்களைப் பார்த்துவிட்டு யாரோ கிளப்பியது. எனக்கு அது பிடிக்கவில்லை. குடித்தவன் கால் தடுமாறும். அவன் கால் தடுமாறவில்லை. புல்லட்டில் என்ன செய்ய வேண்டுமோ அதைத் துல்லியமாகச் செய்தது. அவனைப் பற்றி அப்படி ஒரு அவப்பெயர் நிற்கக்கூடாது என்றுதான் வந்தேன்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று செல்வலட்சுமி குழந்தையோடு என் வீட்டுக்கு வந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை. மஞ்சுளாதான் அழுதாள்.

"அவிய குடிச்சிருந்தாவளா அண்ணாச்சி? ஆளாளுக்குச் சொல்லுதாவ."

"இல்லம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். "நீங்கதான் கடைசி வரைக்கும் கத்துனியளாம். லோகேஷ் தம்பி சொல்லிச்சு. ஒங்களுக்கு நான் என்ன செய்ய முடியும். அவிய அந்தப் புல்லட்டு மேல உசிரா இருந்தாவ. அத நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. ஒங்க கிட்ட இருந்தாத்தான் அவியளுக்கு நிம்மதி."

மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டேன் சார். அந்த ஒன்றை மட்டும் அவளிடம் திருத்திச் சொன்னேன்.

"அது என் வண்டிம்மா."