வாசல் வைக்காத சில்லு

மத்தியானம் அரை மணி நேரம் கண்ணயர்வது உடம்புக்கு நல்லது. எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். எழுபது பேரும் மேசைமேல் சின்னத் தலையணையைப் போட்டு, அதில் கன்னத்தைப் பதித்துத் தூங்குவார்கள். வெளியே எங்கள் சிஞ்சு நகரத்துக் காற்று ஜன்னலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கும். எனக்கு மட்டும் பகலில் தூக்கம் வராது. இருபத்தாறு வருடமாக அந்த நேரத்தில் உருப்படியாக ஏதாவது செய்துகொண்டிருப்பேன். நீங்கள் விசாரிக்க வந்த வேலையையும் அப்போதுதான் செய்தேன்.

லியென் மேடம், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த உங்களுக்கு இந்த அடுக்குச் சமாச்சாரம் புரியவில்லை, எளிமையாக எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். புரியாததில் வெட்கம் ஒன்றுமில்லை. எங்கள் மேலாளருக்கே புரியாது. பதினைந்து வருடமாகத் தலையாட்டியே சமாளித்து வருகிறார்.

கணினிச் சில்லை நாங்கள் திரையில் வரைகிறோம், ஆலை அடுக்குக்கு ஓர் அச்சு செய்து அதை உருவாக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக நாற்பது அடுக்கு. அடியில் சிலிக்கன், மேலே உலோகக் கம்பிகள், எல்லாவற்றையும் மூடிக் கண்ணாடி போல ஒரு பூச்சு. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பெயர், ஒரு நிறம், இரண்டு எண்கள் உண்டு. முதல் எண், இது எந்த அடுக்கு என்று சொல்லும். இரண்டாவது, இது எதற்கு என்று சொல்லும். பூஜ்யம் என்றால் ஆலை அதைச் செய்தாக வேண்டும். ஒன்பது என்றால் அது நாமே நமக்கு எழுதிவைத்துக்கொண்ட குறிப்பு, ஆலை திரும்பிக்கூடப் பார்க்காது. நிறம் நம் கண்ணுக்குத்தான். ஆலைக்கு எண் மட்டுமே தெரியும். இந்த அட்டவணையைப் பராமரிப்பவள் நான். நிறங்களும் என் தேர்வு. மூன்றாம் உலோகத்துக்குக் கத்தரிப்பூ நிறம் கொடுத்ததை இன்றைக்கும் யாரும் குறை சொன்னதில்லை.

கு வெய்ரென் எனக்கு எதிர் மேசை. வயது முப்பத்தொன்று, நீங்கள் விசாரிக்கிற போன வருடத்துச் சில்லுக்குப் பொறுப்பாளன். ஆறு வருடம் நாங்கள் சேர்ந்துதான் சாப்பிட்டோம். அரிசிச் சேவையிலிருந்து வெங்காயத்தாளைப் பொறுக்கி ஓரமாக வைப்பான், நான் எடுத்துக்கொள்வேன். அவன் அம்மா தெற்கே தைனானில் இருக்கிறார். இங்கே அவனைக் கவனித்துக்கொள்ள என்னை விட்டால் ஆள் கிடையாது.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்.

"சூச்சின் அக்கா, இந்தச் சில்லு மட்டும் நல்லபடியா வேலை செஞ்சிட்டா என்னை ஜப்பானுக்கு அனுப்பறாங்க. குமாமோட்டோ கிளைக்கு. பின்யூவுக்கும் அங்க ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருச்சு. நவம்பர்ல கல்யாணம்."

"அங்கெல்லாம் மத்தியானம் லைட்டை அணைக்க மாட்டாங்களாம்டா. தூங்காம என்ன பண்ணுவ?"

"உங்களை மாதிரி முழிச்சிக்கிட்டு ஊர் வேலையெல்லாம் பாப்பேன்" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவனுக்குச் சோறு வைக்கத் தெரியாது. ஜப்பானிய மொழியில் நன்றியும் மன்னிப்பும் மட்டும் தெரியும். இரண்டை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் குடித்தனம் நடத்த முடியுமா? அந்தப் பெண்ணும் செவிலி. பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டாள். கொஞ்சம் தாமதமானால் ஆசை தானாக ஆறிவிடும் என்று நினைத்தேன்.

நான் கொடுமைக்காரி இல்லை. கீழ் அடுக்கில் கை வைத்திருந்தால் மொத்தமும் குப்பைக்குப் போயிருக்கும். இருப்பதிலேயே மென்மையான அடுக்கைத்தான் எடுத்தேன். அதன் பெயர் திறப்பு. மேல் பூச்சில் எங்கெங்கே ஓட்டை விட்டால் வெளிக் கம்பியை உள்ளே இணைக்கலாம் என்று சொல்லும் அடுக்கு. அது இல்லாவிட்டால் சில்லு வாசல் வைக்காத வீடு. உள்ளே விளக்கெரியும், அடுப்பெரியும், யாரும் போகவும் முடியாது, வரவும் முடியாது. அந்த ஒரு அச்சை மட்டும் திரும்பச் செய்து சரிபண்ணிக்கொள்ளலாம். நாலு மாதம் ஆகும். நாலு மாதம்தான் எனக்கும் வேண்டியிருந்தது.

அட்டவணையில் திறப்புக்கு இரண்டு வரிகள் உண்டு. ஒன்று வாசல்களுக்கு, இன்னொன்று நான்கு மூலைக் குறிகளுக்கு. வாசல்களின் பூஜ்யத்தை ஒன்பதாக்கினேன். மூலைக் குறிகளைத் தொடவில்லை. அச்சு வெறுமையாக வந்தால் ஆலைக்காரர்கள் போன் பண்ணுவார்கள். நிறத்தை அதே மஞ்சளாக விட்டேன். சோதனை நிரல், இருக்கிற வாசல் சரியான அளவா என்று பார்க்கும். வாசலே இல்லையே என்று கேட்காது. எல்லாம் ஐந்து நிமிடம். சுற்றிலும் குறட்டை.

அனுப்புவதற்கு முன் பொறுப்பாளர் திரையில் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் மறைக்கவில்லை மேடம், நானே சொன்னேன்.

"நம்பரையும் ஒரு தடவை பாத்துக்கோடா."

"நீங்க போட்ட மஞ்சள்தான் இருக்கேக்கா, அப்புறம் என்ன?"

போட்டுவிட்டான். பார்க்காதது யார் தவறு?

அதோடு விடவில்லை. எங்கள் தைவானில் கணினிமேல் பச்சைப் பொட்டலச் சோளப்பொரி வைப்போம். இயந்திரம் சமர்த்தாக இருக்கும் என்பது நம்பிக்கை. பொட்டலம் பச்சையாக இருக்க வேண்டும், தேதி தாண்டியிருக்கக் கூடாது. அன்றைக்கு அவன் கணினிமேல் தேதி தாண்டிய பொட்டலம் ஒன்றை மாற்றி வைத்தேன். நாளைக்குப் பழி விழுந்தால் மனிதர்மேல் விழாமல் பொரிமேல் விழட்டுமே. இவ்வளவு யோசித்து யார் செய்வார்கள்?

செத்த சில்லுகள் திரும்பி வந்த அன்று மேலாளர் அந்தப் பொட்டலத்தைத்தான் முதலில் தூக்கிப் பிடித்தார். "யாருய்யா இதைப் பாத்துக்கிறது? மார்ச்சுலயே காலாவதி!" ஆனால் வாடிக்கையாளர் காத்திருக்கவில்லை, வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். மேலிடத்துக்கு ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. பொரி கையெழுத்துப் போடாது அல்லவா. வெய்ரெனின் பொறுப்பைப் பறித்தார்கள். ஜப்பான் போச்சு. நவம்பரில் பின்யூ தனியாக விமானம் ஏறினாள்.

அவனை நான்தான் தேற்றினேன். தினமும் சேர்ந்து சாப்பிட்டோம். ஒருநாள் பார்க்கிறேன், வெங்காயத்தாளை ஒதுக்காமல் அப்படியே தின்றுகொண்டிருக்கிறான். வாயில் என்ன போகிறது என்றே தெரியவில்லை. அன்று எனக்கு அழுகை வந்தது. அதையும் எழுதுகிறேன், எனக்கு மனசே இல்லை என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

ஒரு வருடம் கழித்து இப்போதுதான் அவனுக்குச் சின்னதாக ஒரு சில்லு கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் கொஞ்சம் முகம் தெளிந்திருந்தான்.

"அக்கா, பின்யூ இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்கா. இது தேறிட்டா மறுபடி கேட்டுப் பாக்கச் சொல்றாங்க. அந்த நேரத்துல நீங்க மட்டும்தான் என்கூட நின்னீங்க. மறக்க மாட்டேன்."

"நம்பரைப் பாத்தியா?"

"நாற்பது அடுக்கும் ஒண்ணொண்ணா பாத்துட்டேன். கையெழுத்தும் போட்டாச்சு."

உண்மைதான். காலை பத்து மணிக்குப் பார்த்தான். பன்னிரண்டரைக்கு விளக்கை அணைத்தார்கள்.

போன வருடத்துச் சில்லில் அட்டவணையை மாற்றியது நீங்கள்தானா என்று கேட்டீர்கள். ஆம், நான்தான். இந்தப் புதுச் சில்லைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அது செவ்வாய்க்கிழமை ஆலைக்குப் போய்விட்டது. அதிலும் நான்தான். அட்டவணையை மூடிவிட்டு எதிர் மேசையைப் பார்த்தேன். கன்னத்தைத் தலையணையில் பதித்து, வாயை லேசாகத் திறந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். நீங்களே சொல்லுங்கள், வேறு ஊரில் அவனால் இப்படித் தூங்க முடியுமா?