பிரேக்கு புடிக்கலைன்னு சொல்லுங்க

பிரேக்குதானுங்கண்ணா. நல்லாப் பாருங்க. பிரேக்கு புடிக்காமத்தான் புள்ள போயி மோதுச்சு, வேற என்னங்க இருக்கும்? நீங்க அந்த ரிம்மையே சுத்திச் சுத்திப் பாத்துட்டிருக்கறீங்க. அது மோதுனதுல வளைஞ்சதுங்க. அதெல்லாம் பொறகு. மொதல்ல பிரேக்கப் பாருங்க.

ஆமாங்க, இந்த சைக்கிளுதான். காலைல எங்கூட்டுக்காரரு கம்பெனி டெம்போவுல போட்டுட்டு வந்து எறக்கிட்டுப் போனாரே, அதேதான். சரி பண்றதுக்கு ஒன்னும் அவசரமில்லீங்க. நான் வேற ஒரு காரியமா வந்தேன். சாய்ங்காலம் ஆறு மணிக்கு எங்க காலனி சங்கத்துல மீட்டிங்கு. நீங்க ஒரு அஞ்சு நிமிசம் வந்து, "நான் மூக்கையா, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கேட்டுக்கிட்ட சைக்கிள் கடை வெச்சிருக்கேன், நானே கழட்டிப் பாத்தேன், பிரேக்கு புடிக்கல"ன்னு சொன்னாப் போதும். நீங்க மதுரப் பக்கத்துப் பேச்சுலயே சொல்லுங்க, அவங்களுக்குப் புரியும்.

அந்த ஹெல்மெட்டு ஹேண்டில்பார்லயே தொங்கட்டுமுங்க. அதுக்கு ஒன்னும் இல்ல. ஒரு கீறல் கூட இல்லீங்களே, பாருங்க. அதனாலதான இவ்வளவு பேச்சும்.

என்ன நடந்துச்சுன்னா... என்ற புள்ள தமிழ்மதி, நாலாவது படிக்குது. ஞாயித்துக்கெழம காலைல சர்ச்சுக்குப் போறதுக்கு முந்தி ஒரு ரவுண்டு போயிட்டு வாரேன்னா. சரி போ, ஹெல்மெட்ட மாட்டிட்டுப் போன்னேன். மாட்டிட்டுத்தான் போனா. காலனிக்குள்ள வளைவுல திரும்புறப்ப நேரா போயி ரத்தினசாமி ஐயா ஊட்டு இரும்பு கேட்டுல ஒரே மோதலு. தாடையில நாலு தையலுங்க. மோதறதுக்கு வேற கேட்டா இல்ல அந்தக் காலனில? இருபத்திரெண்டு ஊடு இருக்குது. ஒவ்வொன்னுக்கும் ஒரு கேட்டு இருக்குது.

ரத்தினசாமி ஐயாவத் தெரியுமில்லீங்க? பனியன் கம்பெனி வெச்சிருக்காரே, அவருதான். எங்க சங்கத் தலைவரு. கேட்டுச் சத்தங் கேட்டு வெளிய வந்தாரு, புள்ளயத் தூக்குனாரு, தண்ணி குடுத்தாரு, காரெடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. அதெல்லாம் இல்லீன்னு சொல்லக் கூடாது. ஆனா காருக்குள்ள உக்காந்துட்டே, என்ற மடியில புள்ள ரத்தத்தோட கெடக்குது, அவரு கண்ணாடில என்னயப் பாத்துச் சொல்றாரு, "பாத்தியா கண்ணு, ஹெல்மெட்டு போட்டும் தாடை கிழிஞ்சு போச்சு. போடாம இருந்திருந்தா பாதையாவது தெரிஞ்சிருக்கும்." அதச் சொல்றதுக்கு அதுதானுங்களா நேரம்?

இன்னைக்கு மீட்டிங்குல அதத்தான் சொல்லப் போறாரு. சொல்லிப்போட்டு அந்த ரூலையே எடுத்தறப் போறாரு. அதாங்க, காலனிக்குள்ள ஆரு சைக்கிள் ஓட்டுனாலும் ஹெல்மெட்டு போடோணும்ங்கற ரூலு. அதக் கொண்டு வந்தவ நானுங்க.

சிரிக்காதீங்க. எல்லாரும் அப்படித்தான் சிரிச்சாங்க. "சைக்கிளுக்கு ஹெல்மெட்டா? அடுத்து நடந்து போறதுக்கும் போடச் சொல்லுவீங்களா சித்ரகலா?"ன்னு பக்கத்தூட்டுல கேட்டாங்க. எங்கூட்டுக்காரரு இருக்காரே, அவரு கூட, "உனக்குப் பயம் புடிச்சுப் போச்சு, மாடிப்படிக்குக் கூட ஹெல்மெட்டு கேப்ப"ன்னாரு. கேப்பனுங்க. பெத்தவ கேக்காம படியா வந்து கேக்கும்?

நான் கான்வென்ட்ல படிச்சவளுங்க. சிஸ்டருங்க சொல்லிக் குடுத்தது ஒன்னு உருப்படியா இருக்குதுன்னா, மனு எழுதறது. இங்கிலீஷ்ல நாலு பக்கம் எழுதுனேன். தலையில அடிபட்டா என்ன ஆகும், மூளை எப்படிக் குலுங்கும்னு நெட்டுல படிச்சு, தலைப்பு போட்டு, கோடு போட்டு எழுதிக் குடுத்தேன். மொத மீட்டிங்குல ரத்தினசாமி ஐயா எந்திரிச்சு, "நாங்கெல்லாம் சேவூர்ல இருந்து அவிநாசிக்கு ஒரு சைக்கிள்ல மூணு பேரு போயிருக்கறோம். எங்க தலையெல்லாம் ஒடஞ்சா போச்சு?"ன்னாரு. எல்லாரும் தலையத் தடவிப் பாத்துட்டுச் சிரிக்கறாங்க. நான் சொன்னேன், "ஒடஞ்சவங்க எந்திரிச்சு வந்து மீட்டிங்குல பேச மாட்டாங்களேங்க"ன்னு. அப்பறம் ஒருத்தரும் சிரிக்கல. அந்த அமைதியிலதான் ரூலு பாஸாச்சு.

பாஸாகி என்னங்க. பால்காரரு வெள்ளியங்கிரி, "தலையில அதக் கவுத்துட்டு என்னால ஆகாதுங்கம்மா"ன்னு சைக்கிள கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டு நடந்து வாராரு. எல்லா ஊட்டுக்கும் காப்பி அரை மணி நேரம் லேட்டு. அத்தன பொம்பளைங்க திட்டும் எனக்குத்தான். வேலைக்கு வர்ற பூவாத்தாக்கா, அவங்க பையன் கட்டட வேலைக்கு வெச்சிருந்த மஞ்சத் தொப்பியக் கொண்டைக்கு மேல வெச்சுட்டு ஒரு கையால புடிச்சுட்டே வாராங்க. சைக்கிள ஒத்தக் கையில ஓட்டிட்டு. அதப் பாத்தா எனக்கே பயமா இருக்குது. ஆனா என்னங்க சொல்றது, ரூலு ரூலுதான.

தலைவர் கதையக் கேளுங்க. புல்லட்டு வெச்சிருக்காரு. ஹெல்மெட்டும் வெச்சிருக்காரு, நல்லதா, வெளிநாட்டுது. அது எப்பவும் பெட்ரோல் டேங்கு மேலதான் உக்காந்திருக்கும். டேங்குக்கு அடிபட்டுறக் கூடாதில்லீங்க. "ஏனுங்கய்யா, தலைக்குப் போடலீங்களா?"ன்னு கேட்டா, "பிள்ளையார் கோயிலு வரைக்குந்தான கண்ணு. பக்கந்தான"ம்பாரு. பக்கத்துல இருக்கறது எதுவும் இடிக்காதுங்களாட்ட.

அவரு கம்பெனிலயும் அப்படித்தானுங்க. வெளிநாட்டுல இருந்து சரக்கு வாங்கற பையர் வாரான்னா, அன்னைக்குக் காலைல எல்லாத்துக்கும் மூக்குக்கு மாஸ்க்கு, தலைக்குத் தொப்பி. கட்டிங்ல நிக்கறவங்க கைக்கு இரும்பு கிளவுஸு, மெசின்ல ஊசி வெரல்ல ஏறாம இருக்க கார்டு. பையர் கார் ஏறி எஸ்டேட் தாண்டறதுக்குள்ள எல்லாம் பீரோவுக்குள்ள போயிரும். எங்கூட்டுக்காரரு அங்கதான கட்டிங் மாஸ்டரா இருக்காரு, அவரே சொல்லிச் சிரிப்பாரு. ஊசிக்கு ஒரு பையர் இருக்கான், கத்திக்கு ஒரு பையர் இருக்கான். தலைக்கு மட்டும் பையர் இல்லீங்க.

...இல்லீங்கண்ணா, நான் சும்மா பேசறதுக்காகப் பேசல. நீங்களே பாத்திருப்பீங்க. உங்க கடைக்கு அந்தாண்டதான. ரெண்டு மாசம் முந்தி, சிப்டு விடற நேரம், இந்த ரோட்டு வளைவுல. துணி ரோல ரெண்டு பக்கமும் பிதுங்கப் பிதுங்க ஏத்திட்டு ஒரு டெம்போ வந்துச்சே. நான் தமிழ்மதிய ஸ்கூல்ல இருந்து ஸ்கூட்டில கூட்டிட்டு வந்துட்டிருந்தேன். எனக்கு முன்னால ஒரு பையன் சைக்கிள்ல போயிட்டிருந்தான். அந்த ரோலு ஒரசுனதுதான். சும்மா ஒரசுனதுதானுங்க. விழுந்தவன் தலை ரோட்டோரக் கல்லுல... மதி என்ற முதுகுல மூஞ்சிய வெச்சுட்டா, நல்லவேளை.

அவனோட சோத்து டப்பா உருண்டு வந்து என்ற வண்டிச் சக்கரத்துல நின்னுச்சு. எடுத்தேன். எடுத்து என்ன பண்றதுன்னு தெரியல. "ஆருங்க அந்தப் பையன்?"ன்னு கேட்டா, "ஹிந்திக்காரப் பையன்"ங்கறாங்க. பேரென்னங்கன்னா, "ஹிந்திக்காரப் பையன்தானுங்க"ங்கறாங்க. எந்தக் கம்பெனின்னு கேட்டா ஒருத்தனுக்கும் வாயி தொறக்கல. அந்த டப்பா இன்னும் எங்கூட்டு அலமாரியிலதானுங்க இருக்குது. கழுவி வெச்சிருக்கறேன். ஆருகிட்டக் குடுக்கறது?

"டெம்போக்காரன் ஒழுங்கா ஓட்டுனா ஹெல்மெட்டு எதுக்கு?"ன்னு கேக்கறாங்க. சரிங்க. ஓட்டச் சொல்லுங்க. அவன் ஒழுங்கா ஓட்டற வரைக்கும் என்ற புள்ள தலைய எங்கீங்க வெக்கறது?

அதனாலதாங்க கேக்கறேன். இன்னைக்கு அந்த ரூலு போச்சுன்னா, காலனில ஒம்பது புள்ளைங்க. அதுல நாலு புள்ளைங்க அடுத்த வருசம் இந்த ரோட்டுலதான் ஸ்கூலுக்கு சைக்கிள்ல போகும். உள்ள ஓட்டறப்பவே போட்டுப் பழகுனாத்தான வெளிய போறப்பவும் போடும்? நீங்க ஒரே ஒரு வார்த்தை பிரேக்குன்னு சொல்லிட்டீங்கன்னா, தப்பு சைக்கிளோட போயிரும். ஹெல்மெட்டு தப்பிச்சுக்கும். பொய் சொல்லச் சொல்லலீங்க. பிரேக்குல ஏதாச்சும் கொஞ்சமாவது...

...சக்கரம் டக்குன்னு நின்னுருச்சு.

இன்னொருக்கா சுத்துங்க. வேகமா சுத்துங்க.

...புடிக்குதுங்க. தெரியுமுங்க எனக்கு. போன மாசந்தான நீங்களே புது பிரேக்குக் கட்டை போட்டுக் குடுத்தீங்க.

அத ஏனுங்க எடுக்கறீங்க? ஹெல்மெட்டு நல்லாத்தான் இருக்குதுன்னு சொன்னனே. அண்ணா, அது உள்ள... அத உருவாதீங்க. அது சும்மா மெத்துன்னு இருக்கறதுக்கு.

சரி. உருவுங்க.

பனியன் கம்பெனில வெட்டி மிஞ்சுன வேஸ்ட்டுத் துணிதானுங்க. நீல காலர்த் துண்டு, ரோஸு கைத் துண்டு, அது எதோ நைட்டி ஓரம். எங்கூட்டுல தலகாணி, மெத்தை, கால்மிதி எல்லாமே இந்த வேஸ்ட்டுதான். ஆரு ஊட்டுலீங்க இல்ல இந்த ஊர்ல? ஹெல்மெட்டு லூசா இருந்துச்சு, வெச்சு அடச்சேன்.

லூசா இருந்துச்சுன்னா... எல் சைஸுங்க. பெரியவங்களுது. கடைக்காரரு சின்னது எடுங்கன்னுதான் சொன்னாரு. வளர்ற புள்ளைங்களே, ரெண்டு வருசம் வரோணுமேன்னு பெருசா எடுத்தேன். எங்கூட்டுக்காரரு எதுக்கும் ரெண்டு சைஸு தள்ளித்தான் எடுப்பாரு. வாஷ்ல போட்டா சுருங்கும், விட்டுத்தான் வெட்டோணும்பாரு. அந்தப் பழக்கத்துலயே... ஹெல்மெட்டு சுருங்குமாங்க? கேட்டா எனக்கே கேவலமா இருக்குது.

அன்னைக்குக் காலைலயே மதி சொன்னா. "அம்மா, எறங்கி எறங்கி வருதும்மா, கண்ண மறைக்குது"ன்னா. நான்தான், "அதெல்லாம் பழகிரும், கழட்டுன, காலை ஒடிச்சிருவேன்"ன்னேன். வளைவுல அந்தத் துணியெல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கி, மொத்தமும் மூக்கு வரைக்கும் எறங்கிருச்சாம். ஒரு கையெடுத்து ஒசக்கத் தள்ளறதுக்குள்ள கேட்டு. தையல் போடறப்பக் கூட அழுகலீங்க. "அம்மா, நான் கழட்டலம்மா"ன்னு அதையேதான் சொல்லிட்டு இருந்தா.

ரத்தினசாமி ஐயா சொன்னாரில்லீங்க, பாதையாவது தெரிஞ்சிருக்கும்னு. அவரு வெளாட்டுக்குச் சொன்னாரு.

இன்னும் என்னங்க வருது உள்ள இருந்து? அது துணியில்ல... மடிச்சு வெச்சிருக்குது. பிளாஸ்டிக் கவரோட. கொண்டாங்க இப்படி.

அட ஏசுவே.

ஹெல்மெட்டோட குடுத்த புத்தகமுங்க. அதையும் சேத்து அடச்சிருக்கறேன். கவரு கூடப் பிரிக்கல. இருங்க, பிரிக்கறேன். இங்கிலீஷ்லதானுங்க இருக்குது. நாலே பக்கம். நாலு பக்கம் மனு எழுதத் தெரிஞ்சவ இந்த நாலு பக்கத்தப் படிக்கல. மொத வரி என்ன போட்டிருக்குதுன்னா, தலைய அளந்து சைஸு எடுக்கோணுமாம். ரெண்டாவது வரி... உள்ள வேற எதையும் வெக்கக் கூடாதாம். படமே போட்டிருக்கறாங்க. புருவத்துக்கு மேல ரெண்டு வெரலு எடம் இருக்கோணுமாம். என்ற புள்ளைக்குப் புருவமே தெரியலீங்க, நான் பாத்துட்டுத்தான அனுப்புனேன்.

வேண்டாமுங்கண்ணா. நீங்க மீட்டிங்குக்கு வர வேண்டாம். பிரேக்கப் பத்தி ஒன்னும் சொல்ல வேண்டாம். நானே போறேன். இந்தத் துண்டு துணியெல்லாம் ஒரு கவர்ல போட்டுக் குடுங்க, அந்த நீலத்தையும்தான். மேசை மேல கொட்டறேன். கொட்டிட்டு இந்தப் புத்தகத்தப் படிச்சுக் காட்டறேன். சிரிக்கட்டும். நல்லாச் சிரிச்சு முடிக்கட்டும். தப்பு ஹெல்மெட்டுது இல்லீங்க, என்றதுன்னு சொல்றேன். அப்பறமும் ரூலு எடுக்கறதுன்னா, அந்த டப்பாவையும் எடுத்துட்டுப் போயி பக்கத்துல வெச்சர்றேன். அதுக்கு மேல எனக்கு இங்கிலீஷும் தெரியாது, தமிழும் தெரியாது.

போறப்ப கடைல மதிக்குச் சின்னது எடுத்துக்கறேன். தலைய அளந்து. ரிம்ம நீங்க மெதுவா நேராக்கி வைங்க. தையல் பிரிச்சதும் ஓட்டறேன்னு இப்பவே கேக்கறா. சரி, வாரனுங்க.

ஏனுங்க, அத எதுக்கு என்கிட்ட நீட்டறீங்க? அதான் எல் சைஸுன்னு சொன்னனே, மதிக்கு ஆகாதுங்களே.

...என்ற ஸ்கூட்டிய ஏனுங்க பாக்கறீங்க? கண்ணாடில என்ற ஹெல்மெட்டு தொங்கலதான். ஊட்டுல இருக்குது. அவசரத்துல வந்துட்டேன். இது சைக்கிளுக்குப் போடறதுங்க, இதப் போட்டாலும் போலீஸு புடிச்சா பைனுதான். அதுவுமில்லாம நான் எங்கீங்க போறேன், அந்த வளைவு தாண்டுனா காலனி. பக்கந்தானுங்க...

...

குடுங்க.